எனக்கென்று வந்த பாட்டில்

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் வந்தால் இஞ்சி பீர் போடுகிற வேலை என் தலையில்தான் விழும். கல்யாணமாகி ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு வந்த முதல் வருடமே அது முடிவாகிவிட்டது. கொரட்டூரில் அம்மா போடுவதைப் பார்த்துப் பழகிய கை. இஞ்சியை நசுக்கி, சர்க்கரையும் எலுமிச்சம்பழமும் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் பேக்கரியில் கெஞ்சி வாங்கிய ஈஸ்டை ஒரு சிட்டிகை போட்டு, ஜாடியின் வாயைத் துணியால் கட்ட வேண்டும். பிறகு பாட்டில்களில் ஊற்றி, கார்க்கைச் சணலால் கட்டி, தினமும் கொஞ்சம் தளர்த்திக் காற்றை விட வேண்டும். ஒரு நாள் மறந்தால் பாட்டில் வெடித்துச் சமையலறைச் சுவரெல்லாம் இஞ்சிதான். கழுவுவதும் நான்தான்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு டிசம்பர். கப்பலில் சமையல்காரனாக இருந்த என் அண்ணன் லீவில் வந்தபோது, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்தான். ஆரஞ்சுத் தோலும் பட்டையும் கிராம்பும் ஊறிய, பாகு மாதிரி இனிக்கிற வெளிநாட்டு மது.

"இது ஒன் ஊட்டுக்காரருக்கு இல்ல, ஒனக்கு" என்றான். "இத கொஞ்சமா ஊத்தி, எலுமிச்சம்பழம் புழிஞ்சி, ஐஸ் போட்டு, மேல ஒன் இஞ்சி பீர ஊத்து. கலக்காத, நுரை பூடும். கப்பல்ல தொரைங்க இப்டித்தான் குடிக்கிறாங்கோ. ஆனா அவங்க இஞ்சி பீர் ஒன்னுதுகிட்ட நிக்காது."

நான் மதுவுக்கு ஏங்கியவள் இல்லை. ஆனால் வருடாவருடம் நானே போடுகிற இஞ்சி பீரை ஒரு டம்ளர் முழுதாகக் குடித்ததில்லை. பக்குவம் பார்க்க உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்குவதோடு சரி. இந்த முறை கண்ணாடி டம்ளரில் அண்ணன் சொன்னபடி கலந்து, நாற்காலியில் உட்கார்ந்து, ஒன்றே ஒன்று குடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பாட்டிலைப் பீரோவில் புடவைகளுக்குப் பின்னால் வைத்தேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலை பட்டு வேட்டி தேடியவர் கண்ணில் அது பட்டது.

"மச்சான் குடுத்துச்சா? சொல்லவே இல்லியே நீ" என்றார் என் கணவர். முகமெல்லாம் பல்.

எனக்கு என்று கொடுத்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கேக்கோடு ஒரு மூடி திராட்சை ஒயின் உண்டு, அதற்கு மேல் ஆசைப்பட்டால் பேச்சுதான். மென்று விழுங்கினேன். பூசை முடிந்து மாதா கோயில் வாசலிலேயே ஃபேக்டரி நண்பர்களை அழைத்துவிட்டார்.

சோடாக் கடையிலிருந்து ஐஸ் கட்டி வந்தது. முன்னறையில் அவர்கள் சிரிக்க, சமையலறையில் நான் ஊற்றினேன். முதலில் மது, பிறகு எலுமிச்சை, ஐஸ், கடைசியில் டம்ளரின் ஓரமாகச் சரித்து இஞ்சி பீர். அடியில் கருஞ்சிவப்பு, நடுவில் பொன்னிறம், மேலே வெள்ளை நுரை. அத்தனை அழகு. ஒவ்வொன்றும் தட்டில் ஏறி வெளியே போனது.

"இன்னா மாமே, ஸ்டார் ஓட்டல் சரக்கு மாதிரி கீது" என்று யாரோ சொல்வது கேட்டது.

"அதுல ஒரு கணக்கு கீது மாமே" என்றார் என் கணவர். கணக்காம் கணக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டிலின் அடியில் ஒரு டம்ளருக்கு மட்டும் மிஞ்சியது. நண்பர்கள் விடைபெற்றதும் அதைக் கலந்து மேடைமேல் வைத்துவிட்டு, நாற்காலி எடுக்கத் திரும்பினேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். இவருடைய சார்ஜ்மேன், வேலையில் இவருக்கு மேலே இருப்பவர், வாழ்த்துச் சொல்ல வந்திருந்தார். கணவர் உள்ளே ஓடி வந்தார், மேடைமேல் இருந்ததைப் பார்த்தார், "ரெடியாவே வெச்சிகீறியே" என்று மெச்சிவிட்டு எடுத்துக்கொண்டு போனார். கையில் நாற்காலியோடு நின்றேன்.

சார்ஜ்மேன் ஒரு வாய் குடித்தார்.

"இன்னாப்பா, இம்மாந் தித்திப்பு. எனக்கு சுகர் கீதுல்ல" என்று கீழே வைத்துவிட்டு, கேக்கையும் தொடாமல் கிளம்பினார்.

கணவர் டம்ளரைத் திரும்பக் கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். நுரை அடங்கியிருந்தது, ஐஸ் கரைந்திருந்தது.

"வேஸ்ட்டா பூடும், நீ குடிச்சிரு."

வாங்கித் தொட்டியில் கொட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"ஏம்மா, வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் குடுக்க மாட்டனா?"

"முன் ரூமுல குந்திகினு இருந்தவங்கள்ல யாரு உங்கள கேட்டு வாங்கி குடிச்சாங்க?"

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், அதைச் சொல்லத்தான் வேண்டும். பிறகு, பிரியாணி சூடாக இருக்கிறதா என்று கேட்டார்.

சூடு பண்ணி இலை போட்டேன். டம்ளரைக் கொட்டியதற்காகக்கூட இல்லை, பேசாமல் பிரியாணியைச் சூடு பண்ணிப் போட்டதை நினைத்தால்தான் இப்போதும் ஆத்திரம் வருகிறது.