அம்மா பால் கொடுத்த பாப்பாவின் கல்லறை

சுதந்திரம் வந்த பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாள். செத்தவர்களுக்கு மெழுகுவர்த்தி ஏற்றக் கிறிஸ்தவர்களான நாங்கள் கல்லறைக்குப் போகும் நாள். சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் அம்மா சொன்னாள்: "அப்பாவுக்கு சாயங்காலம் வந்து ஏத்திக்கலாம். மொதல்ல கடலூர் போயி பாப்பாவப் பாத்துட்டு வந்துடலாம்டா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாப்பா வெள்ளைக்காரக் குழந்தை. கடலூரில் ஒரு துரை வீட்டில் அம்மா பால் கொடுக்கும் ஆயாவாக இருந்தாள். அப்போது நானும் கைக்குழந்தை. பாப்பாவுக்குப் பால், எனக்குக் கஞ்சித் தண்ணீர். பாப்பா காய்ச்சலில் இறந்தபோது, வளர்த்தவளைக் கல்லறையின் கம்பிக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். அம்மா அதுவரை உள்ளே போனதே இல்லை.

ரயிலில் கடலூர் பழைய டவுன் ஒன்றரை மணி நேரம். அங்கிருந்து இரண்டு மைல், ஜட்காவுக்கு எட்டணா. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். "துரைங்கல்லாம் கப்பலேறிட்டாங்க. மண்ணுல கெடக்கறவங்கள வழியனுப்பப் போறீங்களா தம்பி?"

கதவு பூட்டியிருந்தது. "சொந்தக்காரங்களுக்கு மட்டுந்தாம்மா தெறப்பேன்" என்றார் காவல்காரர்.

"பால் குடுத்தவ சொந்தமில்லாம வேற யாருய்யா?" என்றாள் அம்மா.

அவர் சாவியை எடுத்தார்.

உள்ளே விக்டோரியா ராணி காலத்துத் தூண்கள், சிறகு உடைந்த பளிங்குத் தேவதூதர்கள். செத்த பிறகும் துரைகளுக்கு நம் குடிசைகளைவிடப் பெரிய இடம். ஆனால் பல கற்கள் என் முழங்கால் உயரம்கூட இல்லை. எல்லாம் குழந்தைகள். என் கோபம் அங்கே கொஞ்சம் தடுமாறியது.

துரையின் பெயரை வைத்துப் பாப்பாவின் கல்லைக் கண்டுபிடித்தேன். 'தாய் தகப்பனின் அருமை மகள்' என்று இங்கிலீஷில் இருந்ததைப் படித்துச் சொன்னேன்.

"எம் பேரு இருக்குதாடா?"

"இல்லம்மா."

"கல்லு வெட்டுனவனுக்கு என்னா தெரியும்" என்று முந்தானையால் கல்லைத் துடைத்தாள்.

மடியிலிருந்து ஒரு வெல்லக்கட்டியை எடுத்தாள். துரைசானிக்குத் தெரியாமல் பாப்பாவின் நாக்கில் வெல்லம் வைப்பாளாம். சேலைத் தலைப்பில் பொதிந்து காக்காய்க் கடி கடித்து இரண்டாக்கினாள். சின்னத் துண்டைக் கல்லின் மேல் வைத்தாள். பெரியதை என்னிடம் நீட்டினாள்.

"அவளுக்கு அப்பவே ஜாஸ்தி குடுத்துட்டேன். இது ஒனக்கு."

என் துண்டையும் கல்லின் மேல் வைக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். "தின்னுடா."

தின்றேன்.

போகிறவர்களுக்கு ஒன்று: கடற்காற்றில் மெழுகுவர்த்தி நிற்காது. சிமினி விளக்கு கொண்டுபோங்கள். உங்கள் வீட்டிலும் துரைமார் பிள்ளைகளை வளர்த்தவர்கள் இருந்தால் கூட்டிப்போங்கள். நீங்கள் யாருக்குச் சொந்தம் என்று கதவடியில் கேட்பார்கள். பதிலை வளர்த்தவர்களையே சொல்ல விடுங்கள்.