சிவப்பு மட்டும் வேண்டாம்

என் தொண்டையிலிருந்து டான்சிலை எடுத்த வாரத்தைப் போல் கொண்டாட்டமான வாரம் என் சிறுவயதில் வேறு கிடையாது. வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஐஸ் என்ற சொல்லையே உரக்கச் சொல்ல முடியாத வீட்டில் வளர்ந்தவள் நான். ஐஸ் தண்ணீர் குடித்தால் சளி, ஐஸ்கிரீம் தின்றால் காய்ச்சல், தொண்டை வீங்கினால் பள்ளிக் கேண்டீனில் திருட்டுத்தனமாக எதையோ உறிஞ்சியிருக்கிறேன் என்பது அம்மாவின் தீர்ப்பு. அப்படிப்பட்ட அம்மாவைப் பார்த்து டாக்டர், பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுங்கள், கேட்கிறபோதெல்லாம் கொடுங்கள் என்றார். நான் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரே ஒரு நிபந்தனை. சிவப்பு நிறத்தில் எதையும் தின்னவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது. ஏன் என்று டாக்டர் மலாயும் ஆங்கிலமும் கலந்து சொல்லத்தான் செய்தார். அந்த நேரம் பார்த்து நான் ஐஸ்கிரீம் கேட்டு அழத் தொடங்கியதில் அது அம்மாவின் காதில் விழவில்லை. அதனாலென்ன, காரணத்தை அம்மாவே கண்டுபிடித்துவிட்டார். சிவப்பு என்றால் சூடு. சூடு ஏறினால் ரத்தம் கொட்டும். ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டைவிட்டுத் தர்பூசணி போனது, பீட்ரூட் போனது, மிளகாய்ச் சம்பால் போனது. எதற்கும் இருக்கட்டும் என்று என் சிவப்புக் கவுனைக்கூட மடித்து அலமாரியின் மேல்தட்டில் ஒளித்து வைத்தார்.

மாமாவுக்கு இதெல்லாம் ஒரே வேடிக்கை. அம்மாவின் தம்பி, கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார்.

"கவுன் சூடு ஏத்துமாக்கா? அப்போ டிராஃபிக் லைட்ட பாத்தா என்னா ஆவும்?"

"ஒனக்கு எல்லாமே வெளையாட்டுலா," என்பார் அம்மா.

மாமாவிடம் விளையாட முடியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான், அவருடைய கார். அந்த மாதம்தான் வாங்கியிருந்தார். சந்தன நிறத்தில் சீட்டு. அதில் பிஸ்கட் தின்னக் கூடாது, தண்ணீர் குடிக்கக் கூடாது, செருப்பைத் தட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். ஒருமுறை நான் தும்மியதற்கே வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

ஒரு வாரம் போல் ஆனது. வலி குறைந்துவிட்டது, நான் ஓடத் தொடங்கிவிட்டேன், ஆபத்தெல்லாம் தாண்டிவிட்டதாக எல்லோருக்கும் எண்ணம். வெனிலாவையே தின்று தின்று எனக்கு வாழ்க்கை வெறுத்திருந்தது. அன்று சாயங்காலம் மாமாவின் சட்டையைப் பிடித்துத் தொங்கி, மார்க்கெட் பக்கத்துக் கடையில் சிராப் வாங்கித் தரச் சொன்னேன். சிராப் என்றால் ரோஜா வாசனையோடு, ரத்தினம் மாதிரி சிவந்திருக்கும் சர்பத். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஐஸ் போட்டு, கயிறு கட்டிக் கொடுப்பார்கள்.

"அம்மாட்ட சொல்லிறாதலா," என்றார் மாமா. மாடிப்படியில் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அடடா, அந்த ருசி!

வீட்டுக்கு வந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டையில் வெதுவெதுப்பாக ஏதோ இறங்கிக்கொண்டே இருந்தது. எச்சில்தானே என்று விழுங்கினேன். மறுபடியும் ஊறியது, மறுபடியும் விழுங்கினேன்.

"என்னாடி சும்மா சும்மா முழுங்குற?" என்றார் அம்மா. பதில் சொல்ல வாய் காலியாக இல்லை. ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினேன். சிவப்பு! அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர் இரும்புக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

மாமா சிரித்தார். "அக்கா, பயப்படாதலா. அது சிராப்பு. நான்தான் வாங்கிக் கொடுத்தேன்."

அம்மாவுக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும் வந்தது. மாமாவை நிற்க வைத்துத் திட்டினார். மாமா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்து ரசித்தபடி விழுங்கிக்கொண்டிருந்தேன். திட்டி முடித்ததும், வாயைக் கழுவி விடச் சொல்லி மாமாவிடம் தண்ணீர்க் குவளையைக் கொடுத்தார்.

கழுவினேன், சிவப்பு. இன்னொரு வாய் தண்ணீர், அதுவும் சிவப்பு. அடுத்தது முன்னதைவிடச் சிவப்பாக இருந்தது. மாமா தொட்டிக்குள் குனிந்து மோந்து பார்த்தார். ரோஜா வாசனை இல்லை.

பிறகு நடந்ததுதான் திருவிழா! மாமா என்னைத் தூக்கிக்கொண்டு லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படிகளில் இறங்கினார். ஹாரனில் வைத்த கையை அவர் எடுக்கவே இல்லை. மோட்டார் சைக்கிள்கள் ஒதுங்கின, பஸ்ஸே ஒதுங்கியது. சிவப்பு விளக்கு எதையும் மாமா மதிக்கவில்லை. பின்சீட்டில் அம்மா என்னை முன்பக்கம் குனிய வைத்து, வெள்ளைத் துண்டை ஏந்திக்கொண்டு, "முழுங்காத கண்ணு, துப்பு, துப்பு," என்று கெஞ்சினார். கண்ட இடத்தில் துப்பாதே என்று என் தொடையில் கிள்ளி வளர்த்த அதே அம்மா! துண்டு நனைந்துவிட்டது. நான் சந்தன நிறச் சீட்டைப் பார்த்தேன், மாமாவைப் பார்த்தேன், மரியாதையாக வாயை மூடிக்கொண்டேன்.

மாமா கண்ணாடியில் பார்த்துவிட்டார். "சீட்லயே துப்பும்மா! பரவால்லலா, துப்பு!"

அவ்வளவு பெரிய கௌரவம் எனக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை. துப்பினேன்.

ஆஸ்பத்திரியிலும் எல்லோரும் ஓடினார்கள். என்னைப் படுக்க வைக்காமல் தள்ளுகட்டிலில் உட்கார வைத்தே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். என்ன குடித்தாள் என்று டாக்டரம்மா கேட்டார். மாமா சுவரோடு ஒட்டி நின்று, சிராப் என்றார். அதன்பின் அந்த அம்மாள் சொன்னதை என் அம்மா பல வருடங்கள் கழித்துத்தான் எனக்கு விளக்கினார். ஒரு வாரத்தில் புண்ணின் பொருக்கு உதிரும், அப்போது சில பிள்ளைகளுக்கு ரத்தம் வரும், அது யாருடைய தப்பும் இல்லை. சிராப் ரத்தத்தை வரவழைக்காது. வந்த ரத்தத்தைத் தெரியாமல் மறைக்கும். சிவப்பு வேண்டாம் என்று சொன்னது அதற்குத்தான்.

மறுபடியும் மயக்க மருந்து கொடுத்து, கசிந்த இடத்தை அடைத்தார்கள். மறுநாள் காலை கண் விழித்தபோது அம்மாவும் மாமாவும் பக்கத்தில் இருந்தார்கள். அம்மா மாமாவைத் திட்டுவார் என்று ஆவலோடு காத்திருந்தேன். திட்டவே இல்லை, அவர் கையைத் தடவிக்கொடுத்தார். எனக்குச் சப்பென்று போய்விட்டது. சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம் என்று, கரகரத்த குரலில் மாமாவிடம் கேட்டேன்.

"வீட்டுக்குப் போறப்பவும் அதே மாரி ஓட்டுறீங்களா மாமா?"

மாமா எழுந்து வெளியே போனார். வெகுநேரம் ஆகியும் வரவில்லை. எங்கே என்று கேட்டேன். கீழே காருக்குள் உட்கார்ந்திருக்கிறார் என்றார் அம்மா.

சீட்டைத் துடைக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சீட்டைத் துடைக்க இவ்வளவு நேரமா என்றுதான் அன்று எனக்குக் கோபம்.