தூணைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி

போன மாசி மாதம், ஒரு ஞாயிறு மாலை ஏழு மணி. ஒரகடம் பக்கம் வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லை. அம்மா இருந்தார், தங்கை இருந்தாள், என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தூத்துக்குடி நண்பன் இருந்தான். அவன் இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் மெஷின் ஓட்டுபவன். அப்பா இல்லை. செக்யூரிட்டி வேலை, அன்று இரண்டாவது ஷிஃப்ட்.

மாட்டுக் கொட்டகையை அப்பாவிடம் கெஞ்சி வாங்கி, நான்கு மாதமாக வானம் பார்க்கும் கூடமாக மாற்றியிருந்தேன். தகரக் கூரைக்குச் சக்கரம் வைத்தாயிற்று; தள்ளினால் மேலே முழு வானம். நடுவில் டெலஸ்கோப்புக்கு, ஆழமாகப் பள்ளம் தோண்டி ஒரு கான்கிரீட் தூண். தரையையும் தூணோடு ஒட்டியே வழுவழுவென்று போட்டேன். "ஒட்டிப் போடலாமால?" என்று நண்பன் அப்போதே கேட்டான். எங்கள் வீட்டில் முதன்முதலில் படித்தவன் நான், டிப்ளமோ. "வீடியோல பார்த்துட்டேன்டா" என்று சொல்லிவிட்டேன்.

அப்பா ஒன்றுதான் சொல்லியிருந்தார்: "மாடு வெயில்ல நிக்குது. இந்த மாசத்துக்குள்ள வேலைக்கு ஆவலனா அத்தத் திரும்ப இங்கயே கட்டிடுவேன்."

டெலஸ்கோப்பில் வியாழன் கிரகத்தைப் பிடித்து வைத்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இதான் குருவா? இன்னாடா, இப்டி ஆடிக்கினு கீறாரு?"

தங்கை ஓர் அடி நகர்ந்தாலும் வியாழன் துள்ளியது. நான் திருகுகளையெல்லாம் இறுக்கிக்கொண்டிருந்தேன். நண்பன் சிரித்துவிட்டான்.

"ஏல, எங்க பிரஸ்ஸச் சுத்தி இடைவெளி விட்டுத்தான தரை போட்டிருக்கு? ஒட்டிப் போட்டா எல்லாம் சேர்ந்து ஆடும்லா. படிச்சவன் சொல்றியேன்னு அன்னைக்குச் சும்மா இருந்துட்டேன்."

அந்த இடைவெளியைத் தினமும் தாண்டித்தான் என் லைனுக்குப் போகிறேன். முகம் சுண்டிப்போயிற்று.

மறு ஞாயிறு கட்டர் வாடகைக்கு எடுத்து, தூணைச் சுற்றித் தரையை இரண்டு விரல் அகலத்துக்கு அவனே அறுத்துக் கொடுத்தான். மாலையில் அப்பாவும் வந்தார். அம்மாவைப் பார்க்கச் சொல்லிவிட்டு, நம்பிக்கையில்லாமல், டூட்டி பூட்ஸோடு தரையில் தொம் தொம்மென்று குதித்தார்.

"ஆடுதா?"

"இல்லியே. பக்கத்துல நாலு புள்ளி வரிசையா நிக்குது. நீ இன்னும் நல்லா குதிய்யா!"

அந்த நாலும் வியாழனின் நிலாக்கள். பிறகு அப்பா கண்ணை வைத்தவர் வெகுநேரம் எடுக்கவேயில்லை. மறுநாள் மாட்டுக்கு வேப்பமரத்தடியில் அவரே கீற்றுப் பந்தல் போட்டார்.

இப்போதெல்லாம் யார் என்ன கேட்டாலும் கை வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன். அந்தப் பாடத்துக்கான கட்டர் வாடகை எண்ணூறையும் சேர்த்து, எங்களுக்கு ஆன மொத்தச் செலவு முப்பத்தோராயிரத்து எழுநூறு ரூபாய்.