சிவப்பு நூல் கட்டிய டம்ளர்

நகரியில் நாங்கள் தறி நெய்துகொண்டிருந்த காலம். ஆந்திரா தனியாகப் பிரிந்துவிட்டது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்ற தகராறு மட்டும் தீரவில்லை. என் பயம் அதைப் பற்றி அல்ல. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, என் வீட்டுக்காரருக்கு ராத்திரியானால் இருமல். படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருமுவார். நெஞ்சுக்குள் விசில் அடிப்பது போலச் சத்தம் வரும்.

காசநோய்தான் என்று மாமியார் முடிவு செய்துவிட்டார். தறியில் மிச்சமான சிவப்பு நூலை மகனுடைய டம்ளரின் விளிம்புக்குக் கீழே கட்டினார், வேறு யாரும் அதில் குடித்துவிடக் கூடாது என்று. "நீ உங்கம்மா வூட்ல கொஞ்ச நாள் இருடி," என்றார். திரும்பி வரும்போது இவர் இருப்பாரா என்று பயந்து நான் போகவில்லை.

சித்தூர் டாக்டரிடம் போனோம். இருமல் எப்போது வருகிறது என்று கேட்டார்.

"எப்பனா ஒருவாட்டி சார்," என்றார் இவர். காசநோய்க்காரர்களைத் தனியே வைக்கும் சானடோரியத்துக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு.

வேற்று ஆண் முன்னால் நான் வாய் திறந்ததே இல்லை. முந்தானையைச் சுருட்டிக்கொண்டே, "ராத்திரி முச்சூடும் இருமறாருங்க. பகல்ல ஒண்ணும் இல்லீங்க," என்றேன். இவர் என்னை முறைத்தார்.

சளியும் ரத்தமும் எடுத்துப் பார்த்த டாக்டர், "சளியில காசக் கிருமி தெரியல. நோயை எதிர்க்கிற வெள்ளை அணுக்கள்ல ஒரு வகை அளவுக்கு மீறிப் பெருகி நுரையீரல்ல போய் அடைஞ்சிருக்கு. ஈஸ்னோபீலியான்னு நினைக்கிறேன். மாத்திரைக்குக் கேட்டா அதுதான். கேக்கலைன்னா சானடோரியம்தான்," என்றார்.

எல்லைத் தகராறுக்காக வந்த போலீஸ் அப்போது எங்கள் பள்ளிக்கூடத்தை நிறைத்துக்கொண்டிருந்தது. "காவலுக்கு வந்தவன் இஸ்கூல்ல பூந்துக்கினாப்பல," என்று பஸ்ஸில் இவர் சிரித்தார், "பசங்களுக்கு உக்கார எடமில்ல, எனக்கு மூச்சுக்கு எடமில்ல." எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'கேக்கலைன்னா' என்ற சொல் மட்டும் காதிலேயே நின்றது.

மாத்திரை தொடங்கியும் சில நாள் இருமல் குறையவில்லை. பிறகு ஒரு நாள் கண் விழித்தபோது விடிந்திருந்தது. ராத்திரி சத்தமே கேட்கவில்லை. இவர் அசையாமல் படுத்திருந்தார். அவர் மூக்குக்கு நேரே விரலை வைத்தேன்.

"இன்னாடி, செத்துட்டேனான்னு பாக்கறியா?" என்றார் கண்ணைத் திறக்காமலே.

தலைமாட்டில் இருந்த, நூல் கட்டிய டம்ளரை எடுத்து, இவர் வைத்திருந்த மிச்சத் தண்ணீரைக் குடித்தேன். வாசற்படியில் மாமியார் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தடுக்கவில்லை. ஆனால் அந்த நூலை அறுக்க அவருக்கு இன்னும் பல நாள் ஆயிற்று.