நான் சொல்லாமல் விட்ட வண்டிக்காரர்

“வெள்ளம் வடியட்டும், செத்த நேரம் இருப்போம்” என்றுதான் வண்டிக்காரர் சொன்னார். கேட்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

அப்போது நான் ராஜபாளையத்தில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார். வயது இருபத்தெட்டு. பக்தியில் என்னை மிஞ்ச ஆளில்லை என்கிற நினைப்பு வேறு. ஓர் ஐப்பசி வெள்ளிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேலையை முடித்துவிட்டு, ஊருக்கு வத்தல் மூட்டை ஏற்றிவந்த மாட்டு வண்டியில் தொற்றிக்கொண்டேன். வத்தல் ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டிக்காரர் ஒருவருடையது. வண்டிக்காரர் ராவுத்தர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பாதி வழியில் ஓர் ஓடை குறுக்கிட்டது. நாங்கள் நின்ற இடத்தில் தூறல்கூட இல்லை. மேற்கே மலையில் பெய்த மழை செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு ஓடியது. மாலை ஜெபக்கூட்டத்துக்குப் பிந்திவிடுமே என்று எனக்கு அவசரம்.

“கர்த்தர் பாத்துக்கிடுவார். நீர் ஓட்டும், ராவுத்தரே!”

படித்தவர் சொல்கிறாரே என்று அவரும் ஓட்டிவிட்டார்.

நடு ஓடையில் வண்டி சாய்ந்தது. நான் “கர்த்தாவே” என்று அலறினேன். அவர் “யா அல்லா” என்று அலறினார். கையிலிருந்த மாட்டுக் கயிற்றை விட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்தார். கரைக்கு வந்து நான் தண்ணீரைக் கக்கி முடித்தபோது, ஒரு மாடு மட்டும் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து நின்றது. மற்றது வண்டியோடும் மூட்டைகளோடும் போய்விட்டது.

எங்கள் சபையில் ஒரு நன்மை கிடைத்தால், எல்லார் முன்னாலும் எழுந்து நின்று சாட்சி சொல்லித் தோத்திரம் செலுத்துவது வழக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை எழுந்தேன். “மனுஷ உதவி இல்லாத இடத்தில் கர்த்தர் தம்முடைய கரத்தை நீட்டி என்னைத் தூக்கினார்” என்றேன். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு இனித்தது. போதகர் மறுவாரமும் சொல்லச் சொன்னார். முதல் வாரம் இடுப்பளவு இருந்த தண்ணீர் மூன்றாம் வாரம் தலைக்கு மேல் போய்விட்டது. ராவுத்தர் மட்டும் என் சாட்சியில் ஒரு வாரமும் வரவில்லை. கடவுள் கரம் நீட்டினார் என்பது பொய்யல்ல. யாருடைய கையைக் கொண்டு என்பதைத்தான் விழுங்கிவிட்டேன். சொன்னால் என் அற்புதம் சிறுத்துப்போகுமே!

அடுத்து வந்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். கோயில் வாசலில் ராவுத்தர் நின்றுகொண்டிருந்தார்.

“மொதலாளி நம்ப மாட்டேங்காவ, வாத்தியாரய்யா. வத்தல வித்துத் தின்னுட்டு வெள்ளத்து மேல பழி போடுதேன்னு பேசுதாவ. இனி எந்த மண்டியிலயும் எனக்குப் பாரம் தரமாட்டாவ. நீங்க ஒரு நடை வந்து நடந்ததச் சொன்னாப் போதும்.”

சபை மூப்பர் பக்கத்தில் வந்து, “யாரு இவரு?” என்றார்.

“தெரிஞ்சவரு. கஷ்டத்துல இருக்காரு. ஜெபம் பண்ணச் சொல்லி வந்திருக்காரு” என்றேன். சொன்னதோடு விட்டேனா? ராவுத்தர் தோளில் கை வைத்து, எல்லாரும் கேட்க உருக்கமாக ஜெபமும் பண்ணினேன். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மரியாதையாகத் தலைகுனிந்து நின்றார். நான் ஆமென் சொன்னதும் நிமிர்ந்து கேட்டார்.

“சரிங்கய்யா. எப்ப போவோம்?”

“புதன்கிழமை வாரேன்.”

புதன்கிழமை எனக்குத் தலைவலி வந்தது. அதற்கடுத்த புதன்கிழமை வேறொன்று வந்தது. மண்டியில் உண்மையைச் சொன்னால் அது ராஜபாளையம் வந்துசேர எவ்வளவு நேரமாகும்? அதுதான் என் பயம். அவர் பிழைப்பைவிட என் பேர் எனக்குப் பெரிதாக இருந்தது.

தை மாதம் மனசு பொறுக்காமல் ஒருவழியாக மண்டிக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மண்டிக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார்.

“இத ஐப்பசியிலயே வந்து சொல்லியிருக்கலாமே. நீங்க வாரதாச் சொன்ன புதன்கிழமை விடிஞ்சதுலேருந்து பொழுது சாயுற வரைக்கும் ராவுத்தர் இந்த வாசல்லதான் நின்னாரு. வாத்தியாரு பக்தியான மனுஷரு, வாக்குத் தப்ப மாட்டாருன்னு எங்கிட்டச் சத்தியம் பண்ணாரு. பொறவு, மிச்சமிருந்த மாட்டையும் வித்துட்டு, பிள்ளைகுட்டியோட கொழும்புக்குக் கப்பல் ஏறிட்டாரு.”

அந்த வாரமே ஜெபக்கூட்டத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. கூட்டம் முடிந்ததும் மூப்பர் என் கையைப் பிடித்து, “எம்புட்டுத் தாழ்மை உமக்கு!” என்று மெச்சினார். அதைக் கேட்டும் உள்ளுக்குள் ஒரு விநாடி குளிர்ந்ததே, அந்த மனசை என்னவென்று சொல்ல!

இன்றைக்கும் இக்கட்டு வந்தால் கடவுளைத்தான் கூப்பிடுகிறேன், வேறு கதியில்லை. ஆனால் வாயைத் திறந்ததும் அந்த ஓடைதான் நினைவுக்கு வருகிறது. அன்று நாங்கள் இரண்டு பேரும் கூப்பிட்டோம். கடவுள் இரண்டு பேரையும் கரையேற்றினார். ராவுத்தரைத் திரும்பவும் வெள்ளத்தில் விட்டவன் நான்.