வீடே சேர்ந்து எழுதிய என் குணம்

செம்பூரில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலைக்கு மனு போட்டிருந்தேன். அறுபதுகளின் நடுவில் இருக்கும். வேலை கிடைக்காவிட்டால் தையில் கல்யாணம் என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். பெண் பார்க்க வந்த அந்த மாப்பிள்ளை, என்னைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டுக் கண்ணாடியில் தன்னைப் பார்த்ததுதான் அதிகம். எனக்கு அவரை அறவே பிடிக்கவில்லை.

அந்தக் கம்பெனிக்கு அப்போது மனோதத்துவப் பித்துப் பிடித்திருந்தது. சுருக்கெழுத்து தெரிந்தால் போதாது, குணமும் தெரியவேண்டுமாம். ஒரு வினாத்தாளைக் கொடுத்து, 'ஆம்', 'இல்லை' என்று வீட்டிலேயே நிரப்பி எடுத்துவரச் சொன்னார்கள். 'யாரையும் கலந்துகொள்ளாமல் நிரப்பவும்' என்று மேலே அச்சிட்டிருந்தது. அதை அப்பா எங்கள் மாட்டுங்கா வீட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். புடவை எடுப்பதிலிருந்து பல் பிடுங்குவதுவரை எங்கள் வீட்டில் எதற்கும் கமிட்டிதான்.

"எனக்கு அடிக்கடி கோபம் வரும்" என்பது முதல் வாக்கியம்.

"இல்லைன்னு போடுடி. பொண்ணுக்குக் கோபம் வரும்னு யாராவது எழுதிக் குடுப்பாளா?" என்றாள் அம்மா.

"என்னை எழுத விடுங்கோளேன்!" என்று கத்தினேன்.

"கத்தாதே. கோபம் இல்லைன்னு போடு" என்றார் அப்பா.

'தனிமையை விரும்புகிறேன்' என்ற இடத்தில் அண்ணா, "அரே, நம்மாத்துல தனிமைக்கு எடம் ஏது? இல்லை போடு" என்றான். நியாயமான பதில் அது ஒன்றுதான்.

கம்பெனியில் மனோதத்துவக்காரர் என்னைத் தனியறையில் உட்காரவைத்து, மை கொட்டி மடித்தது போன்ற அட்டைகளைக் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். பக்கத்தில் கேட்க ஆளில்லை. தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு மாமிகள் ஒரு பெண்ணை ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுக்கிறார்கள். அடுத்ததில் மூடவே மூடாத ஒரு வாய். அதற்கடுத்ததில் அந்த வாய்க்குப் பூட்டு. சொல்லச் சொல்லப் பயமாக இருந்தது, சுகமாகவும் இருந்தது.

அவர் நான் நிரப்பிக் கொண்டுவந்த தாளையும், நான் சொல்லச் சொல்லத் தான் குறித்துக்கொண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "தாளில் இருப்பவள் சாது. அட்டைகளைப் பார்த்துப் பேசியவள் வேறு யாரோ. இதில் நீங்கள் யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அதை நான் எழுதலை சார், ஆத்துல எல்லாருமா சேந்து எழுதினா!" என்று தமிழில் வெடித்துவிட்டு, பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். புதுத் தாளை நீட்டி, நீங்களே எழுதுங்கள் என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

'எனக்கு அடிக்கடி கோபம் வரும்' என்று அதே முதல் வாக்கியம். அடிக்கடி என்றால் எவ்வளவு? அம்மாவுக்குத்தான் தெரியும். பென்சிலைக் கடித்துக்கொண்டே இருந்தேன். அவர் திரும்பி வந்தபோது தாள் வெள்ளையாகவே இருந்தது. "ஆத்துக்கு எடுத்துண்டு போய் எழுதிண்டு வரட்டுமா, சார்?" என்று இந்த முறையும் முதலில் தமிழில்தான் கேட்டேன், பிறகுதான் ஆங்கிலத்தில்.

வேலை கிடைத்தது. 'சொந்தமாக எதையும் சேர்க்காமல், பிறர் சொல்வதை அப்படியே எழுதக்கூடியவர். ஸ்டெனோவுக்கு மிகப் பொருத்தம்' என்று அவர் சிபாரிசு செய்திருந்தாராம். கல்யாணம் நின்றது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். தித்திப்பு போதுமா என்று என்னைக் கேட்டார்கள்; நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன்.