அருள் வராத வெள்ளிக்கிழமைகள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, சிங்கப்பூரில், மார்சிலிங் வட்டாரத்தில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் நடந்தது இது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று, மனைவியும் போன பிறகு, பொழுது போகாமல் டோபி காட் பக்கம் ஒரு மாலை வகுப்பில் சேர்ந்தேன். மதத்தைச் சமூகவியல் எப்படிப் பார்க்கிறது என்பது பாடம். நாலைந்து வாரத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஏதாவது ஒரு வழிபாட்டை நேரில் பார்த்து எழுதி வரச் சொன்னார்கள். மேல்வீட்டுப் பெண் நினைவுக்கு வந்தாள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட கணவரைத் தனியாளாகப் பார்த்துக்கொள்பவள். வெள்ளிக்கிழமை மாலையில் அவளுக்கு அம்மன் அருள் வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் வாக்குக் கேட்க வருவார்கள். அன்று மட்டும்தான் அந்த வீட்டில் ஆள் சத்தம்.

லிட்டில் இந்தியாவில் வேப்பிலை வாங்கிக்கொண்டு நானும் போய் உட்கார்ந்தேன். எல்லாம் முடிந்து, மற்றவர்கள் கிளம்பிய பின், அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்: “இப்ப பேசினது நீயாம்மா, அம்மனா? உனக்கே தெரியுமா?”

“என்னண்ணே, போலீஸ் மாதிரி கேக்குறீங்க லா!” என்று சிரித்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். வாய்விட்டுப் பேச வழியில்லாத பெண்கள் சாமியின் குரலில் பேசிக்கொள்கிறார்கள் என்று, படித்ததையெல்லாம் அவளுக்கு விளக்கினேன். அவள் சிரிப்பு நின்றதைக் கவனித்தேன். ஆனாலும் நான் நிறுத்தவில்லை.

அடுத்த வெள்ளி அருள் வரவில்லை. கற்பூரம் எரிந்து அடங்கியது. பெண்கள் காத்திருந்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் வரவில்லை. ஒவ்வொருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

ஒருநாள் மின்தூக்கி அருகே அவளைப் பார்த்தேன். கையில் கணவருக்கு வாங்கிய டயப்பர் பொட்டலம்.

“கண்ண மூடுனா அம்மா வரலண்ணே. உங்க கேள்விதான் வருது.”

“நான் இப்பதாம்மா படிக்க ஆரம்பிச்சிருக்கேன். சொன்னது தப்பாக்கூட இருக்கும்” என்றேன்.

“தப்புன்னா பரவால்லண்ணே. சரியா இருந்துருமோன்னுதான் பயமா இருக்கு.”

மின்தூக்கி வந்தது. ஏறிப் போய்விட்டாள். நான் அடுத்ததுக்குக் காத்திருந்தேன்.

என் கட்டுரையை வகுப்பில் பாராட்டினார்கள். அதற்கு மேல் படிக்க எனக்கு மனம் வரவில்லை. சாமி உண்டா இல்லையா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை மாலையில் மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டால்கூட, இன்றைக்காவது அவளுக்கு அருள் வந்துவிடாதா என்று கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.